படித்தவர் எங்கே இருக்கிறார்? மொசாம்பிக்கின் அறுவை நுட்பர்களும் மருத்துவக் கல்வி முதலீடும்

வளரும் நாடுகளில் மருத்துவப் பணியாளர் கல்விக்குச் செலவாகும் பணத்தைக் கல்லூரிக் கட்டடங்களாலும் சேர்க்கை இடங்களாலும் அளந்து பழகிவிட்டோம். அந்த அளவுகோல் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். படித்து முடித்தவர் ஏழெட்டு ஆண்டு கழித்து எந்த ஊரில், யாருக்கு வைத்தியம் பார்க்கிறார் என்பதுதான் அந்தப் பணம் பயன்பட்டதா என்று காட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை, 57 நாடுகளில் மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை அபாய நிலையை எட்டிவிட்டதாகக் கூறியது. அந்நாடுகளுக்குத் தேவைப்பட்ட மருத்துவர், செவிலியர், பேறுகாலப் பணியாளர் மட்டும் 24 லட்சம் பேர். உலகின் நோய்ச்சுமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைச் சுமந்த ஆப்பிரிக்காவிடம் உலக மருத்துவப் பணியாளரில் 3 விழுக்காட்டினரே இருந்தனர். 2010-இல் ‘லான்செட்’ ஆய்விதழ் அமைத்த குழு, உலகம் சுகாதாரத்துக்குச் செலவிடும் தொகையில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே அத்துறையினரின் கல்விக்குப் போகிறது என்று கணக்கிட்டது. இன்னும் அதிகம் செலவிட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கல்விக்கு என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

மொசாம்பிக் 1975-இல் விடுதலை பெற்றபோது போர்த்துகீசிய மருத்துவர்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டுப் போய்விட்டனர். ஏறக்குறைய ஒரு கோடி மக்களுக்கு நூறு மருத்துவர்கூட மிஞ்சவில்லை. 1977-இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்தது. சாலைகள் ஆபத்தானவை, மாவட்டத்திலிருந்து நோயாளியைத் தலைநகருக்கு அனுப்புவது பல இடங்களில் இயலாத காரியம். மகப்பேறு மருத்துவரான பாஸ்குவால் மொகும்பி அப்போது சுகாதார அமைச்சர். அவர் காலத்தில், 1984-இல், மருத்துவர் அல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சை கற்பிக்கும் மூன்றாண்டுப் பயிற்சி தொடங்கியது. கிராமப்புறத்தில் ஏற்கெனவே பணியாற்றிய இடைநிலைப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாண்டு மாபூட்டோ மத்திய மருத்துவமனையில் பாடமும் செய்முறையும், ஓராண்டு மாகாண மருத்துவமனையில் மேற்பார்வையுடன் பணி. முடித்தவர்களுக்கு ‘தெக்னிக்கு தெ சிருர்ஜியா’ என்று பெயர். அறுவை நுட்பர் என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

அவர்கள் கைக்கு வந்த வேலை என்ன என்று பார்த்தால்தான் இந்த முடிவின் கனம் விளங்கும். தலைச்சன் பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு குறுகலாக இருக்கிறது. குழந்தையின் தலை இறங்கவில்லை. ஒரு பகலும் இரவும் வலி எடுத்து ஓய்ந்த பிறகே உறவினர்கள் அவளை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். குழந்தையின் தலை மணிக்கணக்காக அழுத்தியதில் சிறுநீர்ப்பைச் சுவரில் ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம். அந்தச் சதை அழுகி உதிர்ந்தால் வாழ்நாள் முழுதும் சிறுநீர் கசியும். முன்பே பல பிள்ளை பெற்றவளாக இருந்தால் கருப்பை கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் போகும். சில நேரங்களில் கருப்பையை எடுத்தால்தான் உயிர் தங்கும். கத்தியைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கட்டடத்திலேயே இருந்தாக வேண்டும். மறுநாள் வரும் நிபுணரால் பயனில்லை.

அறுவை நுட்பர்கள் அங்கே இருந்தார்கள். 2002-ஆம் ஆண்டுக்கான ஓர் ஆய்வு கணக்கிட்ட 12,178 பெரிய மகப்பேறு அறுவைகளில் 57 விழுக்காட்டை அவர்களே செய்திருந்தனர். மாவட்ட மருத்துவமனைகளில் மட்டும் 92 விழுக்காடு. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. பயிற்சி முடிந்து ஏழாண்டுக்குப் பிறகும் அறுவை நுட்பர்களில் 88 விழுக்காட்டினர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தனர். மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட எஞ்சவில்லை. மருத்துவக் கல்வி பற்றி நான் படித்த புள்ளிவிவரங்களில் இதைவிட வலுவான ஒன்றைக் கண்டதில்லை.

தரம் குறையாதா என்ற ஐயம் நியாயமானது. மாபூட்டோவில் 2,071 சிசேரியன்களை ஒப்பிட்டு 1996-இல் வெளியான ஆய்வில், நுட்பர் செய்தவற்றுக்கும் நிபுணர் செய்தவற்றுக்கும் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. மேல்தோல் தையல் பிரிவது மட்டும் நுட்பர் தரப்பில் சற்றுக் கூடுதல். ஆனால் அது தலைநகரின் பெரிய மருத்துவமனை. நிபுணர் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில் கிடைத்த முடிவை மாவட்டத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. பல நாடுகளின் ஆறு ஆய்வுகளை, 16,018 பெண்களை உள்ளடக்கி 2011-இல் தொகுத்தபோது, தாய் இறப்பிலோ சிசு இறப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. புண்ணில் சீழ் பிடிப்பதும் தையல் பிரிவதும் மருத்துவர் அல்லாதோர் தரப்பில் அதிகமாக இருந்தன. இதை மறைக்கத் தேவையில்லை. சீழ் பிடிப்பதைக் குறைக்கக் கூடுதல் பயிற்சியும் மேற்பார்வையும் தரலாம். சிசேரியனே கிடைக்காமல் இறந்தவளுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

செலவைப் பாருங்கள். பயிற்சிச் செலவையும் பணிக்காலச் சம்பளத்தையும் சேர்த்து 30 ஆண்டுக்குக் கணக்கிட்டால், ஒரு பெரிய மகப்பேறு அறுவைக்கு நுட்பர் வழியே சுமார் 39 டாலர், நிபுணர் வழியே 144 டாலர் ஆகும் என்று 2007-இல் ஒரு கணக்கீடு காட்டியது.

அவர்கள் ஏன் தங்கினார்கள்? கிராமப் பணியில் பழகியவர்கள் என்பது ஒரு காரணம். அந்தச் சான்றிதழுக்கு வெளிநாட்டில் மதிப்பில்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணம் என்னை உறுத்துகிறது. போக வழியில்லாதவரைப் பிடித்து வைத்துக்கொள்வதை யாரும் கொள்கை என்று சொல்லக் கூடாது. பொறுப்போ நிபுணருடையது, சம்பளமும் பதவி உயர்வும் இடைநிலைப் பணியாளருடையவை என்பது அவர்களின் நீண்டகாலக் குறை. படிப்புக்குக் கொடுத்துவிட்டுப் பணிவாழ்வுக்குக் கொடுக்காத முதலீடு அரைகுறையானது.

மலாவி இதை உணர்ந்தது. 2004-இல் தொடங்கிய அவசர மனிதவளத் திட்டத்தில், பயிற்சி இடங்களைப் பெருக்கியதோடு, பிரிட்டன் முதலான கொடையாளர் பணத்தில் பணியாளர் சம்பளத்தை 52 விழுக்காடு உயர்த்தினார்கள். சம்பளத்துக்குப் பணம் தருவதில்லை என்பது கொடையாளர்களின் பழைய வழக்கம். அதை மீறியது துணிச்சலான செயல். முதன்மையான 11 பிரிவுகளில் பணியாளர் எண்ணிக்கை 5,453-லிருந்து 2009-இல் 8,369 ஆயிற்று. இதற்கு நேர்மாறாக, ஏறக்குறைய அதே காலத்தில் கென்யாவில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் படித்து முடித்து வேலையின்றி இருந்தனர். அரசு மருத்துவமனைகளில் இடங்கள் காலி. நியமிக்க விடாமல் சம்பளச் செலவுக் கட்டுப்பாடு தடுத்தது.

பணக்கார நாடுகளின் பங்கும் இதில் உண்டு. ஆப்பிரிக்காவின் ஒன்பது நாடுகள் படிக்க வைத்து வெளிநாட்டுக்கு இழந்த மருத்துவர்களால் ஏற்பட்ட நட்டம் 200 கோடி டாலருக்கு மேல் என்று 2011-இல் கணக்கிடப்பட்டது. ஏழை நாட்டின் வரிப்பணம் பணக்கார நாட்டுக்கு மானியமாகப் போகிறது. பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து ஆள் சேர்ப்பதைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை சொன்னாலும் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

இந்தியாவிலும் இதே கேள்வி எழுந்தது. சத்தீஸ்கர் 2001-இல் கிராமங்களுக்காக மூன்றாண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. எதிர்ப்பால் அது சில ஆண்டுகளிலேயே நின்றது. படித்து வெளிவந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உதவியாளராக நியமிக்கப்பட்டனர். சாதாரண நோய்களைக் கையாள்வதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்று 2010-இல் வெளியான ஆய்வு சொன்னது. அதற்குள் படிப்பு மூடப்பட்டுவிட்டது. தமிழ்நாடு வேறு வழியில் போனது: அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் நெடுங்காலம் முன்னுரிமை அளித்து, அவர்கள் பணியில் தங்கக் காரணம் ஒன்றை உண்டாக்கியது. அத்தகைய ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

எனவே நிதி ஒதுக்குவோரிடமும் கடன் தருவோரிடமும் ஒன்று கேட்கிறேன். புதிய கல்லூரிக்குக் கையெழுத்திடும் முன், அந்த நாட்டில் பத்தாண்டுக்கு முன் படித்து வெளிவந்தவர்கள் இன்று மாவட்டவாரியாக எங்கே பணிபுரிகிறார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லையென்றால், முதல் தவணையை அதைத் தயாரிக்கக் கொடுங்கள்.