மேளம் கட்டிய கை

தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் திருமலைச் செப்பேடுகளில் இராகப் பெயரோடு நிற்கின்றன, சுரக்குறிப்பு இல்லை. சுரத்திற்குத் துணை செவியே. திருப்பதியிலும் சித்தூரிலும் இன்று வீணை பயிலும் மாணவர் அச்செவியைப் பெறுவது பெரிதும் தம் கருவியின் மெட்டுகளிலிருந்துதான்.

1550இல் விஜயநகர அரசவையில் 'சுவரமேளகலாநிதி'யை இயற்றிய இராமாமாத்தியர், எல்லா இராகங்களுக்கும் மெட்டு நிலைத்த வீணையையும், இராகந்தோறும் மெட்டை மாற்றி வைக்கும் வீணையையும் வேறுபடுத்துகிறார். 24 மெட்டுகள் நிலைபெற்ற வீணையைத் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்ததாக மரபு கூறும். வாசிப்பவர் திருத்திவந்த சுரத்தானம் அதன்பின் கைவினைஞர் பொறுப்பாயிற்று.

கரி கலந்த மெழுகில் மெட்டுகளைப் பதிக்கும் அவ்வேலையே 'மேளம் கட்டுதல்'. கோடையில் மெழுகு இளகினால் மெட்டு நகரும். பிழையான மெட்டில் பயிலும் செவி பிழையையே சுரமாகக் கொள்ளும்.

ஆகவே வீணை வாங்குவோர் பலாமரத்தையும் யாளிமுகத்தையும் பார்ப்பதோடு நிறுத்தலாகாது. தந்தியை வெறுமனே மீட்டி, பின் பன்னிரண்டாம் மெட்டில் வைத்து மீட்டுக. அதே சுரம் மேல்ஸ்தாயியில் பிசகின்றி ஒலிக்க வேண்டும். மேளம் கட்டியவர் யார், மீண்டும் கட்டித் தருவாரா என்றும் கேட்டறிக. அதற்கு விடை சொல்லும் கடையில், விலை சற்றுக் கூடினும், வாங்குவதே நன்று.