சோழமண்டலக் கலைஞர் கிராமமும் கூட்டுறவுக் கலைவெளியும்: மெர்சிங்கிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

கலைஞருக்குத் திறமை மட்டும் போதாது. அமர்ந்து பணிசெய்ய ஓரிடமும், அன்றாட உணவுக்கு ஒரு வழியும், படைப்பைக் கண்டு கருத்துரைக்கச் சிலரும் வேண்டும். அரசவையும் கோயிலும் ஒருகாலத்தில் நல்கிய இவ்வாதரவு அருகியபின், கலைஞர்கள் தமக்குரிய இடத்தைத் தாமே அமைத்துக்கொள்ள முற்பட்டனர். தமிழகத்தில் இத்தகைய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமம் ஆகும். ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் போன்ற சிற்றூர்களுக்கு அவ்வரலாறு எதை உணர்த்துகின்றது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

கிராமத்தின் தோற்றம்

சென்னைக் கலைப்பள்ளி 1850இல் தோன்றியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அங்குப் பயின்று வெளியேறியோர்க்கு வாழ்வு எளிதாக அமையவில்லை. ஓவியங்களை வாங்குவோரும் காட்சிக்கூடங்களும் பெரும்பாலும் பம்பாய், தில்லி ஆகிய நகரங்களிலேயே இருந்தமையால், தென்னகக் கலைஞர்கள் விளிம்பில் நின்றனர். படைப்பைக் கைவிட்டுப் பிற வேலைகளுக்குச் செல்வதே அவர்களுள் பலருக்கு எஞ்சிய வழியாக இருந்தது.

1957 முதல் அக்கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) இந்நிலையை நன்குணர்ந்தவர். அரசின் மானியத்தையோ செல்வரின் கொடையையோ எதிர்பார்த்திருக்க அவர் விரும்பவில்லை. மாணவர்களும் இளங்கலைஞர்களும் கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டே நிலம் வாங்கலாம் என்பது அவர் கண்ட வழி. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஒன்றிணைந்து, அந்நாளில் மணல்மேடாகக் கிடந்த ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தை வாங்கினர். குடில்களும் பணிக்கூடங்களும் படிப்படியாக எழுந்தன.

பாத்திக் ஈட்டித் தந்த நிலம்

அக்கைவினைகளுள் முதன்மையானது பாத்திக் என்பது மலேசியராகிய நமக்குத் தனிக் கவனத்திற்குரியது. உருகிய மெழுகால் துணியில் கோலமிட்டு, மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாதவாறு காத்து வண்ணமூட்டும் இக்கலை ஜாவாவிலும் மலாய் உலகிலும் செழித்தது. 1920களில் இது சாந்திநிகேதனில் வேரூன்றியது. தாகூர் 1927இல் மலாயா வழியாக ஜாவாவுக்கு மேற்கொண்ட பயணம் அதற்கு மேலும் ஊக்கமளித்தது. 1950களில் பினாங்கில் வாழ்ந்த சீன ஓவியர் சுவா தியன் தெங் பாத்திக் முறையையே ஓவியக் கலையாக வளர்த்தெடுத்தார். அடுத்த பத்தாண்டில் அதே மெழுகும் சாயமும் தமிழகக் கலைஞர்களுக்கு நிலத்தை ஈட்டித் தந்தன. ஓரினத்தின் கைத்தொழில் மற்றோரினத்தின் கலைவாழ்வுக்கு ஊன்றுகோலாக அமைந்தது எனலாம்.

இதில் நுட்பமான ஒரு கொள்கையும் உண்டு. கைவினை உணவுக்கு, ஓவியமும் சிற்பமும் உள்ளத்துக்கு. பாத்திக் விற்ற பணத்தில் அடுப்பு எரிந்தமையால், வாங்குவோரின் விருப்பத்துக்கேற்ப ஓவியத்தை வளைக்க வேண்டிய நெருக்கடி தணிந்தது.

அங்குக் கூடியவர்கள் ஒரு மொழியினரோ ஒரு சமயத்தினரோ அல்லர். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சுல்தான் அலி, வாசுதேவ், சேனாதிபதி, நந்தகோபால், அனிலா ஜேக்கப், பார்சி குலத்தவரான அர்ணவாஸ் எனப் பல பின்னணியினர் அக்கிராமத்தோடு இணைந்திருந்தனர். வேற்றுமை பாராட்டாமை அங்கு மேடைமுழக்கமாக இருக்கவில்லை. கிணறு, பணிக்கூடம், கணக்கேடு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதில் அது வெளிப்பட்டது.

விடுபட்டோர்

எனினும், இவ்வரலாற்றைப் புகழ்வதோடு நாம் அமைந்துவிடலாகாது. சோழமண்டலத்தில் இடம்பெற்றோர் பெரும்பாலும் கலைக்கல்லூரியில் பயின்றவர்கள். தெருக்கூத்தரும் பறையிசைப்போரும் அவ்வட்டத்திற்கு வெளியிலேயே நின்றனர். விளிம்புக்கும் ஒரு விளிம்பு உண்டு என்பதை இது காட்டுகின்றது.

அவ்விடைவெளியை நிரப்ப எழுந்த முயற்சிகளுள் ஒன்று, 1990இல் காஞ்சிபுரம் பகுதியில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம். கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் பிற கூத்தர்களும் அமைத்த அச்சங்கத்தில், நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புருயின் உடனுழைத்தார். 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கலில் நடைபெற்ற அதன் குருகுலம், சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பொதுக்கல்வியையும் கூத்தையும் ஒருசேர வழங்கியது. ஆடவர்க்கே உரியதாகக் கருதப்பட்ட அரங்கில் பெண்பிள்ளைகளும் கட்டை அணிந்து ஆடினர். கலைவெளி என்பது யாருக்கு வாயில் திறக்கின்றது என்னும் வினாவுக்கு இது தெளிவான விடையாகும்.

மெர்சிங்கை முன்னிறுத்தி

மெர்சிங், ஈஞ்சம்பாக்கத்தைப் போலவே கடலோர ஊர். தியோமான் தீவுக்குச் செல்லும் பயணிகள் பலர் அதன் படகுத்துறை வழியாகச் செல்கின்றனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகியோருடன், எண்டாவ் ஆற்றின் மேற்பகுதியில் ஜாக்கூன் பழங்குடியினரும் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். கைவினையை வாங்கக்கூடிய வழிப்போக்கரும், பகிர்ந்துகொள்ளத்தக்க பல மரபுகளும் உள்ள இடம் இது.

மலேசியத் தமிழரின் கலைவெளி நெடுங்காலம் தோட்டத்துக் கோயில் திடலாகவே இருந்தது. கூத்தும் நாடகமும் கரகமும் அங்கேயே நிகழ்ந்தன. ஆனால் நிலம் தோட்ட நிறுவனத்துடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபோது, மக்களோடு சேர்ந்து கலையும் இடம்பெயர்ந்தது. கலையை மறந்ததனால் மட்டும் நாம் அதை இழக்கவில்லை. ஆடுவதற்குச் சொந்த மண் இல்லாமையாலும் இழந்தோம்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, கலைவெளியின் நிலம் கலைஞர்களின் கூட்டுடைமையாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, கலைஞரின் உணவுக்கான வழி கலைப்படைப்பின் விற்பனையை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. மூன்றாவது, பட்டம் பெற்றோரோடு பரம்பரைக் கலைஞரும், தமிழரோடு அயலினத்தாரும் அங்குச் சம உரிமையுடன் அமர்தல் வேண்டும். விழா நாளில் மட்டும் கலைஞரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடும் நம் வழக்கம் இவற்றுள் எதனையும் நிறைவுசெய்யாது. ஈஞ்சம்பாக்கத்து மணலில் கலைஞர்கள் கட்டிய குடில்கள் அரை நூற்றாண்டைக் கடந்தும் நிற்கின்றன. தமிழாசிரியர்களாகிய நாம் கலையைப் பற்றி வகுப்பில் பேசும்போது, அது நிற்பதற்கான நிலத்தைப் பற்றியும் பேசுதல் நம் கடனாகும்.