வன்னியின் பழந் துவக்குகளும் துணைக்கருவிகளும்

வன்னி நாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவன குளங்களும் கோயில்களும் கல்வெட்டுக்களுமேயாம். அது முறையே. ஆயினும் ஒரு நாட்டின் கதை பெரும் பொருள்களில் மட்டும் தங்கியிருப்பதில்லை. பரணில் துருவேறிக் கிடக்கும் ஒரு குறடும், பெட்டியின் அடியில் அகப்படும் ஒரு முறுக்காணியும், பார்க்கத் தெரிந்தவனுக்கு ஏடு போலப் பேசும். அத்தகைய சிறு சான்றுகளுள் பழந் துவக்கின் துணைக்கருவிகள் சிலவற்றை இங்கே நாம் எடுத்துக்கொள்வோம்.

துவக்கு என்ற சொல்லே வரலாறுடையது. அது துருக்கி, பாரசீக மொழிகளின் வழி வந்த சொல். தமிழகத்தார் துப்பாக்கி என்பதும் அதன் இனமே. சிங்கள மக்களும் இச்சொல்லையே வழங்குவர். கண்டி அரசின் கொல்லர்கள் துவக்குச் செய்வதில் தேர்ந்தவர்கள். பொறி இடப்புறம் அமைந்திருத்தலும், அடிக்கட்டை சுருண்டு வளைந்திருத்தலும் அவர்கள் கைவேலைக்கு அடையாளங்கள். கால்கள் மேல் நிறுத்திச் சுடும் சிறு பீரங்கியைக் கொடித்துவக்கு என்றனர். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கொண்டுபோன பொருள்களுள் ஆறு, 2023இல் ஒல்லாந்து தேசத்திலிருந்து இலங்கைக்கு மீண்டன. வேலைப்பாடு மிக்க சிறு பீரங்கி ஒன்றும் மகா துவக்குகள் இரண்டும் அவற்றுள் அடங்கும். ஒரு பொருளின் உருவத்தையும் முத்திரையையும் கூர்ந்து நோக்கிப் பிறப்பிடம் காணும் கலை எத்துணைப் பயன் தரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் வன்னிக்கு வருவோம். முல்லைத்தீவில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1803இல் ஆங்கிலேயருக்கும் கண்டிக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டார வன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை கடல்வழியே யாழ்ப்பாணம் சென்றது. பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருக்கோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் வந்தன. ஒக்டோபர் 31ஆம் திகதி ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வன்னியன் தோல்வியுற்றான். அங்கே நாட்டப்பட்ட கல் அச்செய்தியை வெற்றி பெற்றவன் பெயரால் கூறிற்று. கல் ஒரு பக்கத்தாரின் வார்த்தை. இரும்புக்கோ பக்கம் இல்லை.

அக்காலத்து ஆங்கிலச் சிப்பாயின் கையில் இருந்தது சக்கிமுக்கித் துவக்கு. குழலின் நீளம் 39 அங்குலம். வாயகலம் முக்கால் அங்குலம். மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டு, கோலால் இடித்து, பற்றுவாயில் சிறிது மருந்து தூவிச் சுடவேண்டும். இதற்கென அவன் சில கருவிகளைச் சுமந்தான். மெல்லிய கம்பியும் சிறு தூரிகையும் ஒரு சங்கிலியில் கோத்துத் தொங்கும். கம்பி பற்றுவாயின் துளையைக் குத்தி அடைப்பு நீக்குவதற்கு. தூரிகை கரி துடைப்பதற்கு. இரட்டைச் சுருளாகத் திருகிய இரும்பு முனை கண்டால், அது இடிகோலில் பொருத்தி அடைப்பை வெளியே இழுக்கும் திருகு என அறிக. பாக்குவெட்டி போன்ற குறட்டின் வாயில் இரு அரைவட்டக் குழிகள் இருப்பின், அது ஈயக்குண்டு வார்க்கும் அச்சு. அக்குழியின் அகலத்தை அளந்தால், எத்துவக்குக்கு உரியது என்பதை ஏறக்குறையக் கணிக்கலாம். குண்டு எப்போதும் குழலின் வாயிலும் சற்றுச் சிறியதாகவே இருக்கும். சக்கிமுக்கிக் கல்லும் பேசும்: இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கல் கருமை நிறம், பிரான்சுக் கல் தேன் நிறம்.

இப்பொழுது ஒரு முக்கியமான எல்லைக்கோட்டைக் காண்போம். அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துவக்கிற் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வழியே பின்னர் செப்புக் கேப்பு வந்தது. ஆங்கிலப் படை 1840ஐ ஒட்டிய ஆண்டுகளிலேதான் அதனைப் பரவலாக ஏற்றது. ஆகவே கேப்பு வைக்கும் குமிழோடு பிறந்த துவக்கு எதுவும் 1803ஆம் ஆண்டுப் போரைக் கண்டிருக்க முடியாது. குமிழைக் கழற்றும் சதுரத் துளைச் சாவியும் பிற்காலத்ததே. முன்னோர் வைத்திருந்த துவக்கை வன்னியன் துவக்கு என்று பெருமையோடு சொல்லும் ஆசை இயல்பே. ஆயினும் பொறித்தகட்டை முதலில் பார்த்தல் வேண்டும். அதில் அடைக்கப்பட்ட பழந் துளைகள் தென்பட்டால், சக்கிமுக்கியாயிருந்து பின்னர் கேப்புக்கு மாற்றப்பட்டதாகலாம், பழமைக்கு இடமுண்டு. துளைகள் இல்லையேல், அப்பெருமையை விட்டு உண்மையான பெருமையைத் தேடுவதே நேர்மை.

குறிபார்க்கும் உறுப்பும் காலம் காட்டும். பழைய சிப்பாயின் துவக்கில் பின்குறியே இல்லை. குழல் முனையில் பயனெற் மாட்டும் சிறு முளையே குறிமுள்ளாயிற்று. 1853ஆம் ஆண்டு என்பீல்ட் ரைபிளிலோ, ஏணி போல நிமிரும் பின்குறி ஒன்று உண்டு. அதில் யார்க் கணக்கில் எண்கள் பொறித்திருக்கும். அத்தகைய எண் பொறித்த தகடு தனியே அகப்பட்டால், அது ஆணியோ பூட்டோ அன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் பிற்பட்ட ரைபிளின் உறுப்பு. முத்திரைகளையும் நோக்குக. வி, ஓ, சி என்னும் மூன்றெழுத்தும் பின்னியிருப்பின் ஒல்லாந்தக் கும்பனி. நிமிர்ந்து நிற்கும் சிங்கம் 1808 முதல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனி. கிரீடமும் ஜீ, ஆர் எழுத்துக்களும் ஜோர்ஜ் மன்னர் காலம்.

படைக்கலமாக வந்தது வன்னியிலே பயிர்க்காவலாயிற்று. யானையும் பன்றியும் வயலை அழிக்கும் நாட்டில், இடித்து நிரப்பும் இடியன் துவக்கு உழவனின் துணையாயிற்று. மருந்துக் கொம்பு, சன்னப் பை, இடிகோல் என்பன வேட்டைக்காரன் வீட்டுச் சொற்கள். இவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே அருகி வருகின்றனர். 1983க்கும் 2009க்கும் இடையே நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும் வீடுகளையே இல்லாமற் செய்தன. பெட்டியும் பரணும் எங்கே எஞ்சும்? எஞ்சிய இரும்பும் பழைய இரும்புக்காரன் தராசுக்குப் போகின்றது. பொருள் போனால் பெயர் போகும். பெயர் போனால் நினைவும் போகும்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. மண்ணில் கிடக்கும் அறியாத இரும்பைத் தொடாதீர். வன்னி மண்ணில் வெடிக்காத குண்டும் கண்ணியும் இருந்து உயிர் கொண்டிருக்கின்றன. அடையாளம் இட்டு, விலகி, பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவித்தலே அறிவு. வீட்டிலுள்ள பழந் துவக்கினுள்ளும் மருந்து இருக்கலாம். அதனைச் சுட்டுப் பார்க்க எண்ணவேண்டாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டமும், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் உண்டென்பதையும் மறவற்க. ஆயுத பூசைக்கெனப் புளியும் சாம்பலும் இட்டு மினுக்கினால் முத்திரை அழியும். மெல்லிய துணியால் துடைத்தலே போதும். பின்னர் அளவெடுத்து, படம் பிடித்து, அதற்கு ஊரார் வழங்கும் பெயரையும், யார் வீட்டில் எவ்வாறு வந்தது என்ற செய்தியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி வைத்தார். நம் வரலாற்றுக்கு இன்றும் அந்நூலை நாடுகின்றோம். நம் வீட்டுப் பொருளுக்கும் அயலார் வந்தே பெயரெழுத வேண்டுமோ? ஊருக்கு ஒரு கொப்பி நிறைந்தாலும் வன்னியின் வரலாறு நம் கையாலேயே எழுதப்பட்டதாகும்.