இல்லம் தேடிக் கல்வி: மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்கள் யார்?

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தப்போ குழந்தைகளுக்கு விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட வந்ததுதான் 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதலில் தேர்வான 12 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் இதில்தான் வருது.

யார் சொல்லிக் கொடுத்தாங்க? பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு பிளஸ் டூ, ஆறு முதல் எட்டு வரை டிகிரி. மாலை 5 முதல் 7 மணிக்குள் வகுப்பு. பாட்டு, கதை, விளையாட்டு வழியாகவும் பாடம். கம்பெனி ஷிப்ட் முடியாத பெற்றோருக்கு இது பெரிய நிம்மதி.

ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். 20 நாள் வகுப்பு என்றாலே நாளுக்கு 50 ரூபாய்தான். தன்னார்வம்தான், சரி. ஆனால் வேலைக்கான கூலியாகப் பார்த்தால் ரொம்பவே குறைவு.