குடிமுறையும் கல்முனைக் கரையோர வரலாறும்

குடி என்பது இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம்களிடமும் அயலூர்த் தமிழர்களிடமும் தாய்வழியே வரும் வம்சப் பிரிவு. லெப்பைக் குடி, ஓடாவி குடி எனப் பல பெயர்கள் உண்டு. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை. குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் பள்ளிவாசல் நிருவாகத்தில் இடம்பெற்றார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் பழைய வரலாற்றை அறிய இந்த வழக்கமே மிகச் சிறந்த ஆதாரம்.

முக்குவர் சாதியினர் திமிலர் சாதியினரை விரட்டப் பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் துணை நின்றனர், அதற்கு ஈடாக முக்குவப் பெண்களை மணந்தனர் என்பது மட்டக்களப்பு மரபுக்கதை. போர்த்துக்கேயர் 1626 இல் துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் கெய்ரோஸ் எழுதியிருக்கிறார். கதையும் குறிப்பும் வெவ்வேறானாலும், வந்தவர்கள் இங்கிருந்தவர்களின் தாய்வழி முறைக்குள் கலந்ததற்குக் குடிமுறையே சாட்சி.

ஆனால் சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்களின் பூர்வீகம் பற்றி முதலில் எழுந்த விவாதம் வேறு. சோனகர் இனத்தால் தமிழரே என்று தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் வாதிட்டார். மறு ஆண்டே சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி நியமன உறுப்பினர் வந்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அரபுப் பூர்வீகத்தை வலியுறுத்தி மறுப்பு நூல் வெளியிட்டார். இரு தரப்பும் பிரதிநிதித்துவ அரசியலை மனத்தில் வைத்தே பேசின. கிழக்கின் வயற்காரரும் நெசவாளரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லாமல் போனது பெரிய இழப்பு.

வழக்கங்களைப் பதிவு செய்யும் வேலை தனியே நடந்தது. முக்குவர் சட்டம் பற்றிய பிரிட்டோவின் நூல் 1876 இல் வெளிவந்தது. அதே ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முக்குவர் சட்டத்தின் தாய்வழி வாரிசுரிமையை முடித்துவைத்தது. எஸ்.ஓ. கனகரத்தினம் 1921 இல் மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய விரிவான நூலைத் தந்தார். மானிடவியலாளர்களான நூர் யால்மனும் (1967), அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரேயும் (2008) முஸ்லிம்களையும் தமிழரையும் ஒரே சமூக அமைப்புக்குள் வைத்துப் பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தால் தெரிவது பெரிது. அரபு நாடுகளில் வாப்பாவின் சகோதரன் மகளைக் கட்டுவது விரும்பப்படும் உறவு. இக்கரையில் அவள் தங்கச்சி முறை. மாமி மகளும் மாமா மகளுமே முறைப்பெண்கள். மகள் சமைந்ததும் வீட்டைப் பற்றிய கவலை தொடங்கும். சீதன வீடு அவளுக்கு; மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார்; பெற்றோர் அதே வளவில் சின்ன வீடொன்றுக்கு ஒதுங்குவார்கள், அல்லது அடுத்த மகளுக்கு இன்னொன்று கட்டுவார்கள். அக்கா தங்கைகளின் வீடுகள் இப்படி அடுத்தடுத்து நிற்கும். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ் பெயரில் கொடியேறும்போது தமிழகக் கரையுடனான உறவும் வெளிப்படும். தாய்வழி முறை முஸ்லிம்களிடம் புதுமையும் அன்று. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களிடமும் அது உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமி கரையோர வளவுகளை அழித்தது. மீள்கட்டிய வீடுகள் பலவற்றின் உறுதி குடும்பத் தலைவர் என்ற வகையில் ஆண்களின் பேரில் எழுதப்பட்டது. தலைமுறைகளாகப் பெண்ணிடம் இருந்த வீட்டுரிமை ஒரு படிவத்தால் கைமாறியதை இந்த வரலாற்றின் மிக மோசமான திருப்பமாகவே கொள்ள வேண்டும்.

குடிப்பெயர்களும் மரைக்காயர் வரிசைகளும் இன்று பெரும்பாலும் மூத்தவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஊர்ப் பள்ளிவாசல்களும் சேர்ந்து, உம்மாமாரிடம் கேட்டு, இவற்றை ஊர் ஊராக எழுதி வைக்க வேண்டும்.