சுழியம் எங்கே இருக்கிறது?

ஆசிரியர்களே, குனோங் தஹான் கடல் மட்டத்திலிருந்து 2,187 மீட்டர் உயரம் என்று வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். பின்வரிசைப் பிள்ளை ஒருவன், "எந்தக் கடல் சார்? தண்ணி ஏறியிருக்கும்போதா, வத்தியிருக்கும்போதா?" என்று கேட்டால்? நியாயமான கேள்விதான். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நான்கு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும்.

ஆக, 'கடல் மட்டம்' என்பது நாம் போய்ப் பார்க்கிற கோடு இல்லை. பல மாதம் அளந்து, சராசரி எடுத்து, "இதுதான் சுழியம்" என்று அரசாங்கம் முடிவு செய்த எண். தீபகற்ப மலேசியாவில் இந்த முடிவு இரண்டு முறை எடுக்கப்பட்டது.

முதல் முறை, கிள்ளான் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இருந்தபோது. 1911 செப்டம்பர் முதல் 1912 மே வரை பிரிட்டிஷ் கடற்படை அங்கே நீர்மட்டத்தைக் கவனித்தது. அந்தச் சராசரியே '1912 நில அளவை அடிமட்டம்' ஆனது. கவனித்தீர்களா, ஓராண்டுகூட நிறையவில்லை! பருவக்காற்றோடு கடலும் ஓராண்டுக்குள் ஏறி இறங்கும். நிலவுப் பாதையின் ஒரு சுற்றோ 18.6 ஆண்டு. அன்றைய அவசரத்தைக் குறை சொல்ல மாட்டேன்; சாலையும் பாலமும் காத்திருக்காது. ஆனாலும் பல பத்தாண்டுகள் நம் நாட்டின் உயரக் கணக்கு அந்தச் சில மாதங்களின் மேல்தான் நின்றது.

கடலோரச் சுழியம் கோலாலம்பூர்வரை எப்படிப் போனது? நடந்துதான். இரண்டு இடங்களில் அளவுகோலை நிறுத்தி, நடுவில் மட்டக்கருவி வைத்துப் பார்ப்பார்கள். பின்னால் 1.842, முன்னால் 1.215 என்றால் நிலம் 0.627 மீட்டர் ஏறியிருக்கிறது. இப்படியே கூட்டிக் கழித்துப் போய், வழியில் 'பத்து ஆராஸ்' எனும் உயரக் குறிகளைப் பதிப்பார்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு!

இரண்டாம் முறை, 1984 முதல் 1993 வரை பத்தாண்டு அளவீடு. கிள்ளான் துறைமுக அளவுமானியின் தொடக்கக் குறிக்கு 3.624 மீட்டர் மேலே புதிய சுழியம் வந்தது. இதுவும் நிலவின் முழுச் சுற்றில்லை என்றாலும் முன்னதைவிட எவ்வளவோ மேல்.

பழையதுக்கும் புதியதுக்கும் சில சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். கிள்ளான் பக்கம் நிலம் தட்டை. 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் கால்வாயில், 5 சென்டிமீட்டர் பிழை 50 மீட்டர் நீளத்தின் சரிவை விழுங்கிவிடும். பழைய வரைபடத்து எண்ணையும் புதிய குறியின் எண்ணையும் தெரியாமல் கலந்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதற்குக் காரணம் பெருமழை. ஆனால் எந்த வீட்டுத் தரை ஆற்றைவிட எவ்வளவு உயரம் என்று சொல்ல, நம்பகமான குறிகள் வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது பெயர்த்தெறியப்படும் சின்னக் கல் அதுவாகவும் இருக்கலாம்.

சிங்கப்பூரில் கட்டுமானக்காரர்கள் ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்தை 0 என்று எழுதாமல் 100 என்று எழுதுவார்கள். கடல் மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே இருக்கும் சுரங்கப் பாதை 80 ஆகிவிடும். கழித்தல் குறி தொல்லையே இல்லை. எதிர்ம எண் பாடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் சபா, சரவாக். அங்கே உயரம் அளக்க அவர்கள் பக்கத்துக் கடலோர நிலையங்களையே நம்பினார்கள். அதனால் கினபாலுவையும் தஹானையும் ஒரே பலகையில் எழுதி ஒப்பிடும்போது, பின்வரிசைப் பிள்ளை மறுபடியும் "எந்தக் கடல் சார்?" என்று கேட்கலாம்.