மூன்றாவது கட்சிக்குப் போட்ட ஓட்டு எங்கே போனது? (தென்னாற்காட்டுக் கதை)

தேர்தல் நேரத்தில் உளுந்தூர்பேட்டை, களமருதூர், ரிஷிவந்தியம் பக்கத்து டீக்கடை எதில் உட்கார்ந்தாலும் ஒரு வாக்குவாதம் நிச்சயம் காதில் விழும். "ஆளுங்கட்சியைத் தோற்கடிக்கணும்னா பெரிய எதிர்க்கட்சிக்குப் போடு, சின்னக் கட்சிக்குப் போட்டா ஓட்டு வீண்" என்பார் ஒருவர். "ரெண்டு பேரும் ஒண்ணுதான், மூணாவதா ஒருத்தன் வரட்டுமே" என்பார் இன்னொருவர். தமிழ்நாடு முழுக்க நடக்கிற வாக்குவாதம்தான் இது. ஆனால் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்கள் இதைப் பேச்சோடு விடவில்லை, செய்தும் பார்த்தவர்கள். 1993-ல் விழுப்புரம் மாவட்டமாகவும் 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டமாகவும் பிரிந்த இந்த மண்ணில் மூன்றாவது கட்சிகள் அமோகமாக முளைத்திருக்கின்றன. அந்த ஓட்டுகள் என்ன ஆயின என்பதுதான் கேள்வி.

முதல் பாடம் முதல் பொதுத்தேர்தலிலேயே கிடைத்துவிட்டது. 1952-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை! தென்னாற்காட்டிலும் சேலத்திலும் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. வடாற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்கள். திமுக அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கையைச் சட்டசபையில் ஆதரிப்பதாகக் கையெழுத்துப் போட்ட வேட்பாளர்களை ஆதரித்தது. இந்த இரண்டு கட்சிகளுக்கும் அப்படித்தான் திமுகவின் ஆதரவு கிடைத்தது. ஆக, அந்த ஓட்டுகள் காங்கிரசுக்கு எதிரான ஓட்டுகள். அதில் சந்தேகமில்லை.

பிறகு நடந்தது என்ன? பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆட்சியமைக்க முயன்றார்கள். ஆனால் ஆளுநர் அழைத்தது ராஜாஜியை. அவருக்கு ஆள் தேவைப்பட்டது. மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையில் மந்திரியானார். 1954-ல் காமராஜ் முதல்வரானபோது ராமசாமி படையாட்சியும் மந்திரியானார். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. காங்கிரஸ் வேண்டாம் என்று போட்ட ஓட்டு காங்கிரஸ் மந்திரிசபையில் போய் உட்கார்ந்துகொண்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழி காற்றில் போனது.

இதைத் துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் சரியல்ல. அதுவரை அதிகாரத்தின் வாசலுக்கே போகாத ஒரு உழவர் சமூகத்துக்கு அந்த மந்திரி பதவிகள் பெரிய விஷயம். ஓட்டுப் போட்டவர்களில் பலர் அதைத்தான் எதிர்பார்த்துமிருக்கலாம். ஆனால் பதவி நிலைத்ததே தவிர, கட்சி நிலைக்கவில்லை. அந்தச் சமூகத்துக்குத் தனி இட ஒதுக்கீட்டுக் கோரிக்கை பல வருடம் கழித்து, 1987 செப்டம்பரில் நடந்த சாலை மறியலில், 21 உயிர்களைக் கொடுத்த பிறகுதான் கோட்டையின் காதில் விழுந்தது. 1989-ல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. அதே வருடம் பாமகவும் பிறந்தது.

இனி விஜயகாந்த் கதை. ருசியான கதை இதுதான்.

2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிக தொடங்கியது. 2006 தேர்தலில் யாருடனும் கூட்டணி இல்லாமல் 232 தொகுதிகளில் நின்றது. கிடைத்த ஓட்டு 8.38 சதவீதம், அதாவது 27 லட்சத்துக்கும் மேல். கிடைத்த இடம் ஒன்றே ஒன்று! பக்கத்து விருத்தாசலத்தில், பாமகவின் கோட்டைக்குள் புகுந்து, விஜயகாந்த் ஜெயித்தார். நம் தேர்தல் முறையில் முதலில் வருபவருக்கே எல்லாம், இரண்டாவதாக வருபவருக்கு ஒன்றுமில்லை. பிரான்சின் துவெர்ஜே என்ற அறிஞர், இந்த முறை இருக்கிற இடத்தில் போகப்போக இரண்டு கட்சிகள்தான் மிஞ்சும் என்று 1950-களிலேயே சொல்லிவிட்டார். அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். 2000-ம் ஆண்டு புளோரிடாவில் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537 ஓட்டு. மூன்றாவதாக நின்ற ரால்ஃப் நாடர் வாங்கியதோ 97 ஆயிரத்துக்கும் மேல். அவரை அல் கோர் ஆட்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

2009 நாடாளுமன்றத் தேர்தலிலும் தேமுதிக தனியாக நின்று சுமார் 10 சதவீதம் வாங்கியது. இடம் பூஜ்யம். தொண்டன் எத்தனை நாள்தான் பொறுப்பான்? 2011-ல் அதிமுக கூட்டணியில் 41 தொகுதிகள். விஜயகாந்த் நின்றது ரிஷிவந்தியத்தில். காங்கிரசின் சிவராஜை 30 ஆயிரம் ஓட்டுக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

அந்தத் தேர்தலின் கணக்கு வினோதமானது. அதிமுகவுக்குத் தனியாகவே 150 இடம். தேமுதிகவுக்கு 29. திமுகவுக்கு 23. ஓட்டு சதவீதத்தில் திமுக 22-க்கு மேல், தேமுதிக 8-ஐக்கூடத் தொடவில்லை. ஆனாலும் சபையில் இரண்டாவது பெரிய கட்சி தேமுதிக. எனவே எதிர்க்கட்சித் தலைவர் விஜயகாந்த்! ஆளுங்கட்சியின் கூட்டணியில் நின்று, அதன் ஓட்டையும் சேர்த்து வாங்கி ஜெயித்தவர் பிரதான எதிர்க்கட்சி ஆனார். சின்னக் கட்சிக்குப் போடுவதா பிரதான எதிர்க்கட்சிக்குப் போடுவதா என்ற கேள்வியே ரிஷிவந்தியத்துக்காரர்களுக்கு இல்லாமல் போயிற்று. இரண்டும் ஒரே பொத்தானில் கிடைத்தன. இப்படி ஒரு வாய்ப்பு வேறெந்தத் தொகுதிக்கு வாய்த்தது?

வாய்த்தது, ஆனால் வசப்படவில்லை. 2012 பிப்ரவரி 1-ம் தேதி பால் விலை, பஸ் கட்டண உயர்வு பற்றிய விவாதம் சபையில் கைகலப்பு வரைக்கும் போனது. விஜயகாந்த் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். கூட்டணி அன்றோடு முறிந்தது. அதற்குப்பின் அவர் சபைப் பக்கம் வந்தது அபூர்வம். அவர் கட்சி எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராகத் தொகுதி நலனுக்காக என்று சொல்லி முதல்வர் ஜெயலலிதாவைச் சந்திக்கக் கிளம்பினார்கள். 2016 பிப்ரவரியில் 8 பேர் பதவியை ராஜினாமா செய்ய, தேவையான 24 என்ற எண்ணிக்கைக்குக் கீழே கட்சி இறங்கி, எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போனது. மக்கள் கொடுத்த 29-ஐக் கட்டிக் காக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

2016-ல் விஜயகாந்தைத் தங்கள் பக்கம் இழுக்கத் திமுக காத்திருந்தது. பழம் பாலில் விழும் என்று கருணாநிதி நம்பிக்கையோடு பேசினார். விழவில்லை. மதிமுக, விடுதலைச் சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் சேர்ந்த மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக விஜயகாந்த் உளுந்தூர்பேட்டையில் நின்றார். அதிமுகவின் குமரகுரு 81,973. திமுகவின் வசந்தவேலு 77,809. விஜயகாந்த் 34,447, மூன்றாவது இடம், டெபாசிட்டும் போனது. முதல் இருவருக்கும் வித்தியாசம் 4,164 ஓட்டுதான்.

"பார்த்தீர்களா, ஓட்டைப் பிரித்து அதிமுகவை ஜெயிக்க வைத்துவிட்டார்" என்று திமுகவினர் அடித்துக்கொண்டார்கள். மாநிலக் கணக்கும் அதற்குத் தோதாகவே இருந்தது. அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் இடையே வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். தேமுதிக மட்டும் வாங்கியது 2.4 சதவீதம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. முரசுக்குக் குத்தியவரெல்லாம் முரசு இல்லையென்றால் உதயசூரியனுக்குக் குத்தியிருப்பார் என்று எப்படிச் சொல்ல முடியும்? பாதிப்பேர் இலைக்குப் போயிருக்கலாம், சிலர் வீட்டிலேயே படுத்திருக்கலாம். அதே வருடம், அதே கூட்டணியில், அதே பழைய தென்னாற்காட்டின் இன்னொரு மூலையில் நடந்ததைப் பாருங்கள். காட்டுமன்னார்கோயிலில் தொல்.திருமாவளவன் 48,363 வாங்கி, 48,450 வாங்கிய அதிமுகவின் முருகுமாறனிடம் வெறும் 87 ஓட்டில் தோற்றார். திமுக அணியில் நின்ற காங்கிரசுக்கு அங்கே மூன்றாவது இடம், 37 ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு. இங்கே யார் யார் ஓட்டைப் பிரித்தது? பெரிய எதிர்க்கட்சிக்குப் போட்டால்தான் வீணாகாது என்று நம்பிப் போட்டவர்களின் ஓட்டுதான் அங்கே ஆளுங்கட்சியைக் கரையேற்றியது.

ஆகவே "சின்னக் கட்சிக்குப் போட்ட ஓட்டு வீண்" என்று வாக்காளரைத் திட்டுவதில் நியாயம் குறைவு. எந்தக் கட்சி பெரியது என்பது தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது. அதைவிட, ஓட்டு எண்ணி முடித்த பிறகு தலைவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. 1952-ல் ஜெயித்த ஓட்டும் கைமாறிப் போனது. 2011-ல் ஜெயித்த ஓட்டும் சபையில் பேசாமல் போனது. 2006-ல் தோற்ற 8 சதவீதமோ ஐந்தே வருடத்தில் 41 சீட்டு பேரத்துக்கு முதலாக உதவியது. தோற்ற ஓட்டுக்குக் கிடைத்த மரியாதை ஜெயித்த ஓட்டுக்குக் கிடைக்கவில்லை, வேடிக்கைதான்!

2021-ல் தேமுதிக, தினகரனின் அமமுகவோடு சேர்ந்து 60 தொகுதிகளில் நின்று அரை சதவீதத்துக்கும் கீழே போனது. உளுந்தூர்பேட்டையில் திமுக ஜெயித்தது. காட்டுமன்னார்கோயிலில், இம்முறை திமுக கூட்டணிக்குள் வந்துவிட்ட விடுதலைச் சிறுத்தைகள் ஜெயித்தார்கள். 2023 டிசம்பர் 28-ல் விஜயகாந்த் இறந்தபோது சென்னையில் திரண்ட கூட்டத்தில் ரிஷிவந்தியத்திலிருந்தும் உளுந்தூர்பேட்டையிலிருந்தும் வேன் பிடித்துப் போனவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். டெபாசிட் போன 34,447-ல் அவர்களும் உண்டு.